டேப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ட்ராப் பார் (முனைகள் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) பொருத்திய சாலை சைக்கிளை ஓட்டுபவர்களில் பலர் அதன்மேல் சுற்றும் பார் டேப்பை நிறம் பார்த்து வாங்குகிறார்கள். பிறகு அது கிழியும் வரை அதைப் பற்றி நினைப்பதில்லை. சென்னையில் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்குக் கிழிந்த டேப்பைவிட, பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாமல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் டேப்தான் கவலை தருகிறது. ஏனெனில் கிழிந்ததை எப்படியும் மாற்றிவிடுவார்கள், அப்போது அடியில் இருக்கும் உலோகம் வெளிச்சத்துக்கு வரும். கிழியாத டேப் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

பெரும்பாலான ஹேண்டில்பார்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதைத் தடிமனாக்கி வலுப்படுத்தும் அனோடைசிங் பூச்சும் பல பார்களில் இருக்கும். வியர்வையில் கரைந்திருக்கும் உப்பின் குளோரைடு இந்தப் படலத்தைத் துளைத்து, உலோகத்தில் சிறுசிறு குழிகளாக அரிப்பை உண்டாக்குகிறது. பிரேக் லிவரின் பட்டை இறுகிப் பிடித்திருக்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே கீறப்பட்டிருக்கும் என்பதாலும், பட்டையின் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் உப்பு நீர் தங்கினால் அரிப்பு மேலும் விரைவுபடும் என்பதாலும், நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். டேப் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஈரத்தை உலோகத்தோடு ஒட்டியே வைத்திருக்கிறது. அலுமினியம் வளைந்து எச்சரித்துவிட்டு உடைவதும் குறைவு. அரிப்புக் குழியில் தொடங்கும் விரிசல் உள்ளுக்குள் மெல்ல வளர்ந்து, மேடேறும்போது எழுந்து நின்று பாரை இழுக்கும் ஒரு கணத்தில் திடீரென முறிந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புபவர்களுக்கு வியர்வையோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. வீட்டுக்குள், சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெயினரில் பூட்டி ஓட்டுபவர்களின் நிலை இதைவிட மோசம் என்பதை அவர்களில் பலர் உணர்வதில்லை. எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை உலராமல் நேரே பாரின் மேலும், பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மின் மேலும் சொட்டுகிறது. ட்ரெயினரில் ஓட்டும்போது பாரின் மேல் ஒரு துண்டை விரித்துப் போடுவதும், எதிரே ஒரு மின்விசிறியை வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

ஆகவே, நம் கடற்கரை ஊர்களில் வாரத்தில் பல நாள் ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது, ட்ரெயினரில் கடுமையாக ஓட்டுபவர்கள் அதைவிட அடிக்கடியும், டேப் நன்றாக இருந்தாலும் அதை முழுவதும் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரித்தபின் பழைய பசையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, லிவரைச் சற்றுத் தளர்த்தி நகர்த்தி, அதன் அடியில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அரிப்பின் அடையாளம். பொடியைத் துடைத்தபின் நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்படுமானால், அந்தப் பாரை மாற்றியே ஆக வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் மறுத்தே வருகிறேன். கார்பன் இழையால் ஆன பார் அரிபடாது. ஆனால் அதைத் தொடும் அலுமினிய ஸ்டெம்மும் ஆணிகளும் உப்பு நீர் பட்டால் கூடுதலாகவே அரிபடும், விழுந்த சைக்கிளின் கார்பன் விரிசலும் டேப்புக்குள் ஒளிந்திருக்கக்கூடும். லிவரைத் திரும்ப இறுக்கும்போது, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். ஷிமானோ தன் சாலை சைக்கிள் லிவர்களுக்குப் பொதுவாகக் குறிப்பிடும் அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். பார் கார்பன் என்றால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவையும் பாருங்கள். கேபிள்களையும் மாற்றுவதாக இருந்தால் இதுவே தருணம்.

இனி எந்த டேப்பை வாங்குவது என்ற கேள்வி. கார்க் துகள் கலந்த நுரை டேப் மென்மையானது, விலையும் குறைவு. ஆனால் இழுத்துச் சுற்றும்போது அறுந்துபோகும், அழுக்கையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியூரித்தேன் மேற்பரப்புள்ள டேப் ஈரக் கையிலும் வழுக்காது, துடைக்க எளிது, நீண்ட நாள் உழைக்கும். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பெரும்பாலோருக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். சிலிகான் டேப்பைக் கழுவித் திரும்பவும் சுற்றலாம். பசை இல்லாத சிலிகான் வகைகள், ஆண்டுதோறும் பிரித்துப் பார்க்க விரும்புபவருக்கு மிகவும் ஏற்றவை. தோல் டேப் அழகானது என்றாலும், அன்றாடம் வியர்வையில் நனைந்து மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் இந்தக் கடலோரத்தில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் கீழிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் வரை கிடைக்கிறது. கை மரத்துப்போகிறது என்பவர்கள் உடனே தடித்த டேப்பைக் கேட்கிறார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது உள்ளங்கையின் அடிப்பகுதியில் அல்நார் நரம்பு அழுத்தப்படுவதால். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் இது பலருக்கும் நேர்கிறது. தடித்த டேப் அதிர்வைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் இருக்கையின் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலோ, பார் எட்டாத தூரத்தில் இருந்தாலோ, உடலின் எடை கைகளில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை எந்த டேப்பும் தீர்க்காது. சிறிய கை உடையவர்களுக்குத் தடித்த டேப் பாரையே பருமனாக்கிப் பிடியைத் தளர்த்திவிடுவதும் உண்டு.

சுற்றும்போது பாரின் கீழ் முனையில் தொடங்கி ஸ்டெம்மை நோக்கிச் செல்ல வேண்டும். அப்போதுதான் கை நகரும்போது மடிப்பின் விளிம்பு உரிந்துவராது. கீழ்ப்பகுதியில் டேப் வெளிப்புறமாகவும், மேற்பகுதியில் பாரின் மேலே ஓட்டுபவரை நோக்கியும் செல்வது நல்லது. கை இயல்பாகத் திருகும் திசையில் சுற்றினால் ஓட்ட ஓட்ட டேப் இறுகும். இந்தத் திசை மாற்றத்தை லிவரைச் சுற்றி எட்டு வடிவில் குறுக்கே கொண்டுசெல்லும் இடத்தில் செய்துகொள்ளலாம். முடிக்கும் இடத்தில் எலெக்ட்ரிக்கல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் வெயிலில் அதன் பசை இளகி வழியும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் நாடாவே நிலைக்கும்.

பராமரிப்புக்கு அதிகம் தேவையில்லை. ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காற்றில் உலரவிட வேண்டும். அழுக்கு ஏறினால் மென்மையான சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் போதும். செயினைக் கழுவும் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ தின்னரையோ டேப்பில் படவிடாதீர்கள். அவை நுரையையும் பசையையும் கெடுத்துவிடும்.

பாரின் முனையை அடைக்கும் பிளக்கை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். விழும்போது திறந்த குழாய் முனை வயிற்றில் குத்தினால், வெளியே சிறு காயம் தெரிய, உள்ளே கணையமும் குடலும் சிதையலாம். குழந்தைகளுக்கு இது அதிகம் நேர்வதை அறுவை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ட்ராப் பாருக்கு மட்டுமன்றி, பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் சாதாரண சைக்கிளில் ரப்பர் கிரிப் கிழிந்து இரும்பு வட்டம் வெளியே தெரிவதற்கும் இது பொருந்தும். அத்தகைய கிரிப்பைப் பார்த்த அன்றே மாற்றிவிடுங்கள். ட்ராப் பாரின் பிளக் விழுந்துவிட்டால், புதியது வாங்கும் வரை பாட்டில் கார்க் ஒன்றைச் செதுக்கி இறுக அடைத்து ஓட்டலாம்.