‘பிளே தெரபி டிரெய்னர்’: ஒரு தொழிற்பெயரின் பொருளும் தமிழும்

கோலாலம்பூரின் செந்தூலில் நடக்கவிருந்த பெற்றோர் கூட்டம் ஒன்றின் அறிவிப்பைத் தமிழில் பெயர்த்துத் தரும்படி ஒரு முறை என்னிடம் கேட்டார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தத் தாளில், உரையாற்ற வருபவர், குழந்தை தன்னைக் காப்பவரை நாடும் உறவைப் பற்றிய ‘அட்டாச்மெண்ட்’ கொள்கையைத் தழுவிய ‘பிளே தெரபி’ வல்லுநர்களுக்கு ‘டிரெய்னர்’ என்று குறிக்கப்பட்டிருந்தார். நான் அவசரத்தில் ‘விளையாட்டுச் சிகிச்சைப் பயிற்றுநர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாள் ஒட்டப்பட்ட மறுநாள், முழங்கால் வலியுள்ள பூப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு முறைக்குக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தாராம். அவர் மீது பிழையே இல்லை. நாளிதழில் ‘விளையாட்டு’ என்ற தலைப்பின் கீழ் அவர் நாள்தோறும் படிப்பது பூப்பந்தும் காற்பந்தும்தான். ‘பயிற்றுநர்’ என்று படிப்பதும் அந்தப் பக்கத்தில்தான். பிழை என்னுடையது, அதைத் திருத்திக்கொள்ள முயன்றபோது தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். மனத்தில் காயம்பட்ட நான்கு வயதுக் குழந்தையை நாற்காலியில் அமர்த்தி ‘உனக்கு என்ன கவலை?’ என்று கேட்டுப் பயனில்லை. அது தன் கவலையைப் பேசிக் காட்டாது, ஆடிக் காட்டும். இந்த அறிவின் மேல் எழுந்ததுதான் ‘பிளே தெரபி’ எனப்படும், விளையாட்டின் வழியே மனத்தைச் சீராக்கும் முறை. அமெரிக்காவில் வர்ஜினியா ஆக்ஸ்லைன் 1947இல் இதற்கு நூல் வடிவம் தந்தபோது, குழந்தை முன்னே செல்ல, பெரியவர் பின்தொடர வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார். 1960களில் பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும் பெற்றோரையே இம்முறையில் பழக்கி, வல்லுநரின் இடத்தில் அமர்த்திப் பார்த்தனர். 1967 முதல் சிக்காகோவில் ஏழைக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டமொன்றில் உளவியல் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த ஆன் ஜெர்ன்பர்க், ஃபிலிஸ் பூத் முதலியோருடன் சேர்ந்து உருவாக்கிய முறை, இவற்றிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. பொம்மைகள் நிறைந்த அறை அதற்கு வேண்டியதில்லை. பெரியவரே ஆட்டத்தைத் தொடங்கி நடத்துவார்: குழந்தையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையோடு ஒட்டி அளந்து பார்ப்பார், பஞ்சை ஊதி அதன் பக்கம் அனுப்புவார், சிராய்ப்பு இருந்தால் அதைச் சுற்றிக் களிம்பு தடவுவார், ஒரு வாய் உணவு ஊட்டுவார். தாயோ தந்தையோ கூடவே இருந்து கற்றுக்கொண்டு, பிறகு தாமே அதைச் செய்வார்கள். இம்முறைக்கு அவர்கள் இட்ட ‘தெரப்பிளே’ என்னும் பெயர் பதிவுசெய்யப்பட்ட பெயராதலால், விளையாட்டைக் கொண்டு செய்யும் எல்லாப் பணிக்கும் அதைப் பொதுப்பெயராக வழங்குவது சரியன்று.

இங்கே ‘டிரெய்னர்’ எனப்படுபவர் குழந்தையைப் பழக்குபவர் அல்லர். பெற்றோரைப் பழக்குபவரும் அல்லர். குழந்தையோடும் பெற்றோரோடும் அமரப்போகும் வல்லுநரைப் பழக்குபவர். அந்த வல்லுநர் நடத்திய அமர்வின் ஒளிப்பதிவை அவரோடு சேர்ந்து பார்த்து, ‘இந்த இடத்தில் குழந்தை முகம் திருப்பியது, நீங்கள் கவனிக்கவில்லை’ என்று நிறுத்திச் சொல்வது இவருடைய வேலையில் பெரும்பகுதி. ஆகவே பயிற்றுநர், வல்லுநர், பெற்றோர், குழந்தை என்று நான்கு பேர் நிற்கும் வரிசையில் குழந்தையிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவரின் பெயரையே நாம் தேடுகிறோம். என் பழைய மொழிபெயர்ப்பு அந்தத் தொலைவை அழித்துவிட்டது.

இனிச் சொற்கள். ‘அட்டாச்மெண்ட்’ என்பதில்தான் எனக்கு நாள்கள் கழிந்தன. கோலாலம்பூரில் இச்சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் உண்டு. மின்னஞ்சலோடு சேர்த்தனுப்பும் கோப்பு ஒன்று. கல்லூரி மாணவர் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் போய் வேலை பழகுவது மற்றொன்று. ‘மகள் அட்டாச்மெண்டில் இருக்கிறாள்’ என்று பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் ஒருவர் சொன்னால், எவரும் பாசத்தைப் பற்றிப் பேச்சு என்று எண்ணமாட்டார்கள். மூலத்தில் அது பழைய பிரெஞ்சு மொழியின் வழியே வந்த சொல். நட்டு வைத்த முளைக்கம்பைக் குறித்த ஒரு சொல்லோடு அதை உறவுபடுத்துவார்கள். கம்பில் கட்டுவது, கட்டி நிறுத்துவது என்பது தொடக்கப் பொருள். ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, 1969இல் முதல் பகுதி வெளிவந்த தம் பெருநூலில், இதனைக் குழந்தை தன்னைக் காப்பவரை நாடி அருகில் இருக்க முயலும் இயல்புக்குக் கலைச்சொல்லாக நிறுத்தினார். அவரோடு லண்டனில் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் தாய்களையும் சேய்களையும் வீடுவீடாகச் சென்று கவனித்து, குழந்தை தாயைத் தளமாகக் கொண்டு தவழ்ந்து சென்று உலகைப் பார்த்துத் திரும்பி வருவதை எழுதினார். மிகுந்த அச்சத்தில் ஒண்டுவது மட்டும் இவ்வுறவின் அடையாளம் அன்று. நம்பி விலகிப் போவதும் இதன் அடையாளம்தான்.

இதற்குத் தமிழில் பாசம், பிணைப்பு, ஒட்டுதல், பற்று என நான்கு சொற்கள் வழங்குகின்றன. பாசம் இனிய சொல்லாக இன்று கேட்கிறது. ஆனால் அது கயிறு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது, சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டி வைக்கும் தளையைக் குறிப்பது. மேலும், பாசம் எந்தத் திசையிலும் ஓடும்; நாம் தேடுவதோ குழந்தையிடமிருந்து பெரியவரை நோக்கிச் செல்லும் ஒன்றை. பிணைப்பு நல்ல சொல், கலைச்சொல் பட்டியல்களில் பரவியும் இருக்கிறது. ஆயினும் அதை வேதியியல் அணுக்களைச் சேர்க்கப் பயன்படுத்துகிறது, நீதிமன்றம் ‘பிணை’ என்று பிடித்தவரை விடுவிக்கப் பயன்படுத்துகிறது. அன்றியும், பெற்றவர் தம் பச்சிளங்குழந்தையிடம் கொள்ளும் ஈடுபாட்டைத் தனியே ‘பாண்டிங்’ என்று உளவியலார் வேறுபடுத்தும்போது, பிணைப்பு அதற்கே பொருந்துகிறது. ஒட்டுதல் வீட்டுச் சொல். ‘பிள்ளை பாட்டியிடம்தான் ஒட்டுதல்’ என்று பினாங்கிலும் சொல்வார்கள், ஈப்போவிலும் சொல்வார்கள். ஆனால் அதில் விலகிப் போகும் பாதி இல்லை.

பற்று என்றதும் துறவியர் விடச் சொன்னது நினைவுக்கு வந்து பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பற்றுதல் என்பது முதலில் கையால் பிடித்தல். நடை பழகும் பிள்ளை முந்தானையைப் பற்றுவதும், முல்லைக்கொடி கொழுகொம்பைப் பற்றுவதும் அதுதான். பிடிக்கும் செயலைச் செய்வது குழந்தை என்பதும், பிடித்துக்கொண்டே மேலே வளரவேண்டும் என்பதும் அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகின்றன. பிரெஞ்சுக்காரரின் முளைக்கம்பில் கட்டுபவர் வேறொருவர். தமிழின் கொழுகொம்பில் கொடி தானே பற்றுகிறது. அதோடு, பற்றப்படுபவருக்கும் நம்மிடம் ஒரு பழஞ்சொல் ஆயத்தமாக இருக்கிறது: பற்றுக்கோடு. கோடு என்பதற்கு மரக்கிளை என்றும் பொருள் உண்டு. பௌல்பியின் கொள்கையில் குழந்தை நாடிச் செல்லும் ஆளை ‘பற்றுக்கோடு’ என்றும், இருவருக்கும் இடையிலான உறவைப் ‘பற்றுறவு’ என்றும் சொன்னால், வேர் ஒன்றாக இருக்கப் பொருள் தெளிவாகப் பிரிகிறது.

பற்றுக்கோடு பெற்ற தாயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நம் பாட்டிமார் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனபோது, தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஒருத்தி பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அவர்களில் எத்தனை பேருக்கு முதற்பற்று அந்த ஆயாவிடம் இருந்ததோ, எவரும் எழுதி வைக்கவில்லை. பௌல்பியையே வளர்த்தவள் ஓர் ஆயாதான். அவருக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் அவள் வேலையை விட்டுச் சென்றது தமக்கு ஒரு தாயை இழந்தது போன்றது என்ற கருத்தைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

‘பிளே’ என்பதற்கு விளையாட்டை விட்டால் வேறு சொல் இல்லை, வேண்டியதும் இல்லை. ‘விளை’ என்பதற்கு விருப்பம் எனப் பொருள்கொண்டு, விரும்பி ஆடுவது விளையாட்டு என்று விளக்குவோர் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், ‘அல்லல் நீத்த உவகை’ பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் வைக்கிறது. துன்பம் நீங்கிய மகிழ்ச்சிக்கு விளையாட்டு ஒரு நிலைக்களம் என்பதைவிட இத்தொழிலுக்குப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை பார்க்கலாம். செங்கீரையில் பெரியவர் கேட்கக் குழந்தை தலைநிமிர்த்தி அசைந்தாடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, முத்தப் பருவத்தில் முத்தம் கேட்கப்படுகிறது, வாரானையில் ‘வருக’ என்று அழைக்கப்படுகிறது. பொம்மை ஏதும் இல்லை. அழைப்பவர் பெரியவர், மறுமொழி சொல்வது குழந்தையின் உடல். சிக்காகோவில் வகுத்த முறையில் நான்கு கூறுகள் உண்டு. ஒழுங்கமைத்தல், ஈடுபடுத்தல், சீராட்டுதல், சவால் தருதல் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். அவற்றுள் நடு இரண்டும் இந்தப் பருவங்களில் அப்படியே கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப் பெற்றோரிடம் இம்முறையை விளக்கப் புகுபவர், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ‘நண்டூருது, நரியூருது’ என்று விரல்களை அக்குள் வரை நடத்தும் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இருந்தாலும் பூப்பந்துக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக ‘வழி’ என்னும் சொல்லைச் சேர்த்து ‘விளையாட்டுவழி’ என்று எழுதினால், விளையாட்டு இங்கே கருவி, குறிக்கோள் அன்று என்பது புலப்பட்டுவிடும்.

‘தெரபி’ கிரேக்கச் சொல். பணிவிடை, உடனிருந்து பேணுதல் என்பது அதன் பழம்பொருள். நோய் தீர்த்தல் என்பதும் அதிலிருந்து கிளைத்தது. மலாய்க்காரர் ‘தெராப்பி’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாம் ‘சிகிச்சை’ என்கிறோம். மருத்துவமனைக்கு அது சரி. ஆனால் பிள்ளைக்குச் சிகிச்சை என்றதும், பிள்ளைக்கு நோய் என்று பெற்றோர் கேட்டுக்கொள்கிறார்கள், அக்கம்பக்கத்தாரும் அப்படியே கேட்டுக்கொள்கிறார்கள். ‘ஆலோசகர்’ என்று எழுதினால் இன்னொரு சிக்கல்: மலேசியாவில் கவுன்சலர் என்னும் பெயர் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 580இன்கீழ்ப் பதிவுபெற்றவர்களுக்கே உரியது; வேறு பணி செய்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் அதை வழங்கிவிடக் கூடாது. ‘ஆற்றுப்படுத்துநர்’ அழகிய சொல்தான், ஆனால் அதிலுள்ள ஆறு, வழி என்னும் பொருளது. வழிகாட்டி ஆலோசனை சொல்பவருக்கே அது நெருக்கமானது.

எனக்கு வேண்டிய ஆற்று வேறு. சூடான பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், அழும் பிள்ளையை ஆற்றுகிறோம். மூலைக்கடைத் தே தாரிக் கலக்குபவர் இரண்டு குவளைகளுக்கிடையே செய்வதும் ஆற்றுதல்தான். மலாயில் அவர் தேநீரை இழுக்கிறார், தமிழில் ஆற்றுகிறார். ஆறு என்பது தானே தணிவது, ஆற்று என்பது தணியச் செய்வது. தேறு, தேற்று என்பதும் இதே அமைப்பு. எனவே ‘ஆற்றுகை’ என்றும், அதைச் செய்பவரை ‘ஆற்றுநர்’ என்றும் வைத்தேன். ஈழத்தில் மேடை நிகழ்த்துதலுக்கு ‘ஆற்றுகை’ வழங்குவதால், அங்கிருந்து வந்த நண்பர் முகம் சுளித்தார். ‘விளையாட்டுவழி’ முன்னே நிற்கும்போது குழப்பம் குறைவு என்று சமாதானம் சொன்னேன், அவர் முழுதாக ஏற்கவில்லை.

கடைசியாக ‘டிரெய்னர்’. ஆங்கிலத்தில் இதன் மூலமும் இழுத்தல்தான். பின்னால் இழுபடும் ஆடையும், தொடர்வண்டியும், பழக்குதலும் ஒரே சொல்லில் நிற்கின்றன. தமிழில் பயில் என்பது தானே பழகுவது, பயிற்று என்பது பழகச் செய்வது. ஆறு, ஆற்று என்பதற்கு இணையான இணை. ‘பயிற்சியாளர்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது பயிற்சி உடையவர் என்று மட்டுமே பொருள்படுவதால், தருபவரா பெறுபவரா என்று சொல்லாமல் விடுகிறது; ‘பயிற்சி ஆசிரியர்’ என்று இந்நாட்டில் நாம் குறிப்பதும் இன்னும் பயின்றுகொண்டிருப்பவரைத்தானே. மலாயில் இதே இடறல் வேறு வடிவில் உண்டு: மலேசியாவில் ‘பெலாத்தே’ பயில்பவர், ‘ஜூருலாத்தே’ பயிற்றுபவர், கடலைத் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போனால் ‘பெலாத்தே’ பயிற்றுபவராகிவிடுகிறார். தமிழில் பயிலுநர், பயிற்றுநர் என்று எழுதினால் எந்தக் கரையிலும் ஐயமில்லை. எழுத்தில் ‘னர்’ அன்று, ‘நர்’. ஓட்டுநர், பெறுநர், இயக்குநர் என்பவற்றில் நிற்கும் அதே விகுதி.

ஆக அந்தத் தாளின் அடுத்த பதிப்பில் ‘பற்றுறவுசார் விளையாட்டுவழி ஆற்றுநர்க்குப் பயிற்றுநர்’ என்று போட்டோம். நீளம்தான். முகவரி அட்டைக்கு இடம் போதாது என்று, உரையாற்ற வந்த அந்த அம்மையார் சொன்னபோது, ‘ஆற்றுநர் பயிற்றுநர்’ எனச் சுருக்கிக்கொள்ளலாம் என்றேன். இலக்கணம் கற்றவர் அதனை ஆற்றுநர்க்குப் பயிற்றுநர் என நான்காம் வேற்றுமைத் தொகையாகவும் விரிப்பார், ஆற்றுநராகிய பயிற்றுநர் என இருபெயரொட்டாகவும் விரிப்பார். இத்தொழிலில் குழந்தைகளோடு தாமே பல்லாண்டு அமர்ந்து, தம் அமர்வுகளைப் பிறர் பார்த்துத் திருத்தக் கொடுத்த பின்னரே ஒருவர் பயிற்றுநர் ஆகிறார் என்பதால், இரண்டு விரியும் பொருந்தும். அட்டையை அப்படியே அச்சடித்துக்கொண்டார்.