கலைத்தாலும் கலையாத சீட்டுக்கட்டு

1922ஆம் ஆண்டு சிகாகோவில் மாயவித்தைக்காரர்கள் கூடிய ஒரு விருந்தில், எந்தச் சீட்டு வித்தையையும் அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தால் அதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டு வந்த புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியிடம், கனடாவைச் சேர்ந்த டாய் வெர்னன் ஒரு சீட்டைக் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னார். அந்தச் சீட்டைக் கட்டில் மேலிருந்து இரண்டாவதாகச் செருகிவிட்டு மேல் சீட்டைத் திருப்பியபோது, கையெழுத்திட்ட சீட்டே அங்கு இருந்தது. மூன்று முறைக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டியும் ஹூடினிக்கு அது பிடிபடவில்லை.

வித்தைக்காரர்கள் தமக்குள் செய்துகாட்டிப் பகிர்ந்துகொள்ளும் மரபு பழையது. நியூயார்க்கில் 1902இல் அமெரிக்க மாயவித்தைக்காரர் சங்கமும், லண்டனில் 1905இல் மேஜிக் சர்க்கிளும் தொடங்கப்பட்டன. பொதுமக்களிடம் கைதட்டல் வாங்கும் பல வித்தைகள் இத்தகைய கூட்டங்களில் எடுபடுவதில்லை. சாதாரணப் பார்வையாளர் சீட்டைப் பார்ப்பார். சங்க உறுப்பினரோ சீட்டைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்ப்பார். சுண்டுவிரல் நுனி கட்டுக்குள் நுழைந்து ஓர் இடத்தை அடையாளம் பிடித்திருக்கிறதா, மேல் சீட்டுக்குப் பதில் அடிச்சீட்டு போடப்படுகிறதா, கலைப்பது உண்மையா பாசாங்கா என்பனவற்றையே அவர் கண் தேடும். அந்தக் கண்ணைக் கைத்திறனால் வெல்வது வெர்னன் போன்ற சிலருக்கே கைகூடும். மற்றவர்களுக்கு நம்பகமான வழி ஒன்று உண்டு: கைகள் எந்தத் திருட்டும் செய்யாத வித்தையைச் செய்வது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதபோது கூர்மையான கண்ணால் பயனில்லை.

அப்படிப்பட்ட வித்தைகளில் மிக நேர்த்தியானது என்று நான் கருதுவது, அமெரிக்கக் கணித ஆர்வலரான நார்மன் கில்பிரெத் 1958இல் வித்தைக்காரர்களின் இதழான லிங்கிங் ரிங்கில் வெளியிட்ட தத்துவமாகும். ஜோக்கர்களை நீக்கிய 52 சீட்டுகளைச் சிவப்பு, கறுப்பு என மாறி மாறி முன்கூட்டியே அடுக்கி வைக்க வேண்டும். கட்டைப் பார்வையாளரிடம் கொடுத்து, விரும்பிய அளவு வெட்டச் சொல்லலாம். எத்தனை முறை வெட்டினாலும் மாறி மாறி வரும் வரிசை குலைவதில்லை. பிறகு அவர் மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக மேசைமீது கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, தாம் விரும்பிய இடத்தில் நிறுத்துகிறார். மேசையில் உள்ளதையும் கையில் மீந்திருப்பதையும், ஓரங்களைக் கட்டைவிரல்களால் நெம்பிச் சடசடவென ஒன்றுக்குள் ஒன்று விழவிடும் ரிஃபிள் முறையில், தாமே ஒருமுறை கலைக்கிறார். இதன்பின் கட்டை மேசைக்கடியில் கொண்டுசெல்லும் வித்தைக்காரர், தொட்டே நிறம் உணர்வதுபோல் பாவனை செய்தபடி இரண்டிரண்டு சீட்டுகளாக வெளியே எடுத்துப் போடுகிறார். 26 ஜோடிகளிலும் ஒன்று சிவப்பாகவும் மற்றது கறுப்பாகவும் இருக்கும்.

கலைத்தது பார்வையாளர், அந்தக் கலைப்பு உண்மையானது. அப்படியிருக்க, வரிசை எப்படித் தப்பியது? பதில், சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்ட அந்தச் சாதாரணச் செயலில் இருக்கிறது. கட்டின் சீட்டுகளுக்கு மேலிருந்து 1 முதல் 52 வரை எண் கொடுத்துக்கொள்வோம். பார்வையாளர் 20 சீட்டுகளைப் போட்டுவிட்டு நிறுத்தினால், மேசைமீதுள்ள குவியல் தலைகீழாகியிருக்கும். அதன் உச்சியில் 20, அடுத்து 19, 18 என்று இறங்கும். கையில் உள்ள பகுதியிலோ 21, 22, 23 என்று போகும். ரிஃபிள் கலைப்பில் சீட்டுகள் எவ்வளவு தாறுமாறாக விழுந்தாலும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இருக்கும் முன்பின் முறை மாறாது. ஆகவே கலைத்த கட்டின் மேல் இரண்டு சீட்டுகள் 20, 21 ஆகவோ, 20, 19 ஆகவோ, 21, 22 ஆகவோதான் இருக்க முடியும். இம்மூன்றுமே முதலில் அடுத்தடுத்து இருந்த சீட்டுகள். எனவே ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. மேல் நான்கு சீட்டுகளை எடுத்துக்கொண்டாலும் அவை 19 முதல் 22 வரை என்பதுபோல் பழைய கட்டின் இடையறாத ஒரு துண்டாகவே அமையும். அதில் இரண்டு சிவப்பும் இரண்டு கறுப்பும் இருந்தாக வேண்டும். முதல் ஜோடியைக் கழித்தால் எஞ்சும் ஜோடியும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்புமாகத்தான் இருக்கும். கடைசிச் சீட்டுவரை இதே கணக்குத் தொடர்கிறது.

இந்த நிரூபணத்தில் நிறத்துக்கென்று தனிச்சிறப்பு ஏதும் இல்லை. இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமண்ட் என்ற முறையில் கட்டை அடுக்கினால், கலைத்த பிறகு ஒவ்வொரு நான்கு சீட்டிலும் நான்கு இனங்களும் வந்து நிற்கும். கில்பிரெத் 1966இல் வெளியிட்ட பொதுவடிவம் இதுவே. டச்சுக் கணிதவியலர் டி புரூய்ன் 1987இல் இதற்கும் குவாசி படிகங்களுக்கும் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தும் ஒரே அமைப்பு சீரான இடைவெளியில் திரும்ப வராத திடப்பொருள்கள்) உள்ள தொடர்பைக் காட்டி ஒரு கட்டுரையே எழுதினார்.

ஒருமுறை நன்றாகக் கலைத்தால் கட்டு குலைந்துவிடும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. கைதேர்ந்த வித்தைக்காரரும் அதற்கு விலக்கல்லர். ஆனால் குறிப்பிட்ட வரிசையில் உள்ள கட்டு ஒரு ரிஃபிள் கலைப்பில் அடையக்கூடிய வரிசைகள் சுமார் 4,500 லட்சம் கோடி மட்டுமே. கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணுக்கு 16 இலக்கங்கள்; 52 சீட்டுகளுக்கு மொத்தமாகச் சாத்தியமான வரிசைகளின் எண்ணுக்கோ 68 இலக்கங்கள். கட்டு போதுமான அளவு குலைய ஏறத்தாழ ஏழு ரிஃபிள் கலைப்புகள் வேண்டும் என்று கணிதவியலர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் நிறுவினார்கள். இவர்களில் டயகோனிஸ், 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, மேலே சொன்ன அதே வெர்னனுடன் சீட்டு வித்தை கற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்.

ரிஃபிள் கைவராதவர்கள் இரு குவியல்களையும் அருகருகே வைத்து, மனம்போன போக்கில் இதிலிருந்தோ அதிலிருந்தோ மேல் சீட்டை எடுத்து மூன்றாவது குவியலாக அடுக்கினால் போதும், கணக்கு பிசகாது. கையில் கட்டை வைத்துக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும் வழக்கமான கலைப்பும், இரண்டாவது ரிஃபிளும் இங்கே உதவா. இரண்டுமே அடுக்கைக் கெடுத்துவிடும்.

சங்கக் கூட்டத்தில் இதைச் செய்பவர் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். கலைத்த கட்டை முகம் தெரியும்படி விரித்துக் காட்டினால் பொதுமக்களுக்கு அது தாறுமாறாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் இரு நிறங்களும் இருப்பதால், ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை எங்குமே வராது. உண்மையாகவே குலைந்த கட்டிலோ அப்படிப்பட்ட தொடர்கள் ஏறக்குறைய நிச்சயமாக இருக்கும். விரல்களில் ஒன்றும் அகப்படாமல் தவித்துக்கொண்டிருக்கும் முன்வரிசை வல்லுநருக்கு அந்த ஒரு குறை போதும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் கட்டை மேசைக்கடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.