வேற்று நிறச் சேவல் செய்யும் வேலை

அடைக்கு வைத்த முட்டைகளில் கூமுட்டை கூடிக்கொண்டே போகிறது. கரு வளர்ந்த முட்டையிலும் குஞ்சு ஓட்டை உடைக்காமல் உள்ளேயே செத்துவிடுகிறது. தீவனத்தை மாற்றியும், இன்குபேட்டரின் சூட்டைச் சரிபார்த்தும் பலனில்லை என்றால், கூட்டத்துக்குள் இருக்கும் சொந்தத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே ரத்தத்துக்குள் சேரும்போது, பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஜோடி சேர்ந்து வெளிப்பட்டுவிடும்.

பெட்டைகள் நிறைய இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4 மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மரபுவழியில் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் விடை. 1 சேவல், 10 பெட்டைகள் என்றால் 3.6. பெட்டைகளை 100 ஆக்கினாலும் 3.96தான். எல்லாக் குஞ்சுகளுக்கும் அப்பன் ஒருவனே அல்லவா! மிச்சமிருக்கும் மரபணு வேற்றுமையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படிப் போய்விடுகிறது.

சரி, புது ரத்தத்துக்கு எங்கே போவது? அரிய நிறங்களில் சொந்தமில்லாத சேவல் கிடைப்பது கஷ்டம். அப்போது அதே இனத்தின் வேறு நிறத்தைச் சேர்ப்பதே நல்ல வழி. நிறம் கெட்டுவிடும் என்று தயங்கத் தேவையில்லை. கோழிக்கு 39 ஜோடி குரோமோசோம்கள்; நிறத்துக்குப் பொறுப்பானவை அவற்றில் உள்ள சில மரபணுக்களே. ஒரே ஒரு மரபணுவில் வேறுபடும் நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், இழந்த நிறம் இரண்டாம் தலைமுறையிலேயே திரும்பிவிடும்.

லாவண்டர் நிறத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பை வெளிர் சாம்பலாக்கும் ஒடுங்கு மரபணு இது; அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். லாவண்டர் பெட்டையைக் கலப்பில்லாத கறுப்புச் சேவலோடு சேர்த்தால் குஞ்சுகள் அத்தனையும் கறுப்பு. ஆனால் ஒவ்வொன்றும் லாவண்டர் மரபணுவில் ஒன்றைச் சுமக்கும். இந்தக் கறுப்புகளைப் பழைய லாவண்டர் கூட்டத்தோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் லாவண்டராக வரும். ஆனால் புது ரத்தம் கால் பங்காகக் குறைந்துவிடும். கறுப்புகளையே தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்றுதான் லாவண்டர், புது ரத்தமோ சராசரியாகப் பாதி அப்படியே நிற்கும். நிறைய குஞ்சு பொரிக்க இடம் இருந்தால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அதற்குத் தொடக்கத்திலேயே உறவில்லாத இரண்டு கறுப்புச் சேவல்கள் வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் தங்கைச் சேர்க்கையில் மறுபடி மாட்டிக்கொள்வோம். லாவண்டர் கோழிகளில் வால் இறகு நைந்து பிய்வது அடிக்கடி வரும் குறை. கறுப்போடு கலப்பதும், இறகு நன்றாக உள்ளவற்றையே அடுத்த தலைமுறைக்கு எடுப்பதும்தான் அதைக் குறைக்கும்.

ஓங்கு வெள்ளையை, அதாவது ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும் வெள்ளையை, மட்டும் கறுப்பில் கலக்காமல் இருப்பது நல்லது. வெள்ளைக்கு அடியில் வேறு என்னென்ன நிற மரபணுக்கள் ஒளிந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வெள்ளியும் பொன்னிறமும் கலக்கும்போது எது சேவல், எது பெட்டை என்பது முக்கியம். வெள்ளியா பொன்னிறமா என்று தீர்மானிக்கும் மரபணு இருப்பது இசட் என்னும் பால் குரோமோசோமில். சேவலுக்கு அது இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் அப்பனிடமிருந்து வருவது. எனவே கலப்பில்லாத வெள்ளிச் சேவலைப் பொன்னிறப் பெட்டையோடு சேர்த்தால், மகன்களுக்குள் பொன்னிற மரபணு இருக்கும். பலவற்றின் இறகில் மஞ்சள் படியும். மகள்களுக்குள் அது இருக்கவே முடியாது. இசட் தவிர மற்ற குரோமோசோம்களில் பாதி பொன்னிறத் தாயுடையது, நிறமோ வெள்ளி. மகன்களைக் கழித்துவிட்டு இந்த மகள்களை அடுத்த வெள்ளிச் சேவலோடு விடலாம்.