புகை காட்டாமல் ஒயில் குடிக்கும் ஹைபிரிட்

ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டியில் நிற்காமல் போவது குறைவு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வாகனத்துக்குத் திரும்ப எப்படியும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் எஞ்சினின் மேல்பகுதியில் இருந்த ஒயில் கீழே ஒயில் தேங்கும் சம்புக்கு வடிந்துவிடும் என்பதால், ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பார்க்க அது அருமையான நேரம். போன வருடம் கொழும்பிலிருந்து திரும்பும்போது அங்கேதான் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த என் ஹைபிரிட் காரின் பொனற்றைத் திறந்து, டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு ஈரம். கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போது பார்த்தேன், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. புகைக்குழாயில் புகை இல்லை, நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை, மீற்றரில் ஒரு லைற்றும் எரியவில்லை.

அப்படியானால் ஒயில் எங்கே போனது? எரிந்துதான் போனது. எப்படி எரிகிறது என்று தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரிப்பில் உண்டாகும் வாயு கீழே கசியாமல் பிடிக்கின்றன. மூன்றாவதுதான் ஒயில் ரிங். சிலிண்டர் சுவரில் தெறிக்கும் ஒயிலை, தோசைக்கல்லில் மாவை வழிப்பது மாதிரி வழித்து, பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத் திரும்பச் சம்புக்கு அனுப்புவது அதன் வேலை. கொஞ்சமாவது ஒயில் சுவரில் மிஞ்சத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். அந்தத் துளைகளில் கரி அடைத்தாலோ, ரிங் தன் பள்ளத்துக்குள் கரியோடு ஒட்டிக்கொண்டு சுவரை அழுத்தாமல் விட்டாலோ வழிப்பது நின்றுவிடும். மிஞ்சும் ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரியும், எரிந்த ஒயில் இன்னும் கரியாகும், அந்தக் கரி இன்னும் அடைக்கும்.

உதாரணத்துக்கு, 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் ஒயில் எரிகிறது என்றால் பெரிய அளவாகத் தெரிகிறது, ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூரத்தை 20 மணித்தியாலத்தில் ஓடுகிறோம், அதில் பாதி நேரம், 10 மணித்தியாலம், எஞ்சின் வேலை செய்கிறது, நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டரிலும் சேர்த்து ஏறத்தாழ 21.6 இலட்சம் தடவை எரிப்பு நடந்திருக்கும். 1 லீற்றரை அதால் வகுத்தால் ஒரு எரிப்புக்கு அரைக் கன மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு கடுகை ஏழெட்டாக உடைத்து அதில் ஒரு துண்டை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. இவ்வளவு சிறிய அளவை, புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் சூடான கன்வேட்டர் பெரும்பாலும் எரித்து மறைத்துவிடும். அதனால்தான் நீலப் புகையைக் காணவில்லை. அதற்கு விலை கன்வேட்டர் கொடுக்கிறது: ஒயிலில் சேர்த்திருக்கும் பொஸ்பரஸ் உள்ளே படிந்து படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கிறது.

சரி, இது எல்லாப் பழைய கார்களுக்கும் பொதுதானே, ஹைபிரிட்டில் என்ன விசேஷம்? எரிபொருளை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுகளே வயது போன பிறகு திருப்பி அடிக்கின்றன. உராய்வைக் குறைக்க ரிங்குகளை மெல்லியதாக, அழுத்தம் குறைந்ததாகச் செய்தார்கள், கொஞ்சம் கரி பிடித்தாலும் அவை சோர்ந்துவிடும். தண்ணீர் மாதிரி ஓடும் 0டபிள்யூ-20 ஒயிலைப் போட்டார்கள். எஞ்சின் நினைத்த நேரத்தில் அணைந்து நினைத்த நேரத்தில் எழும்புகிறது, குறுகிய ஓட்டங்களில் ஒயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவை அணையும்போதும் சூடான பிஸ்டன் பள்ளத்தில் நிற்கும் ஒயில் அப்படியே வெந்து கரியாகிறது.

முறிகண்டியில் நடந்ததற்குக் காரணமும் இந்தக் குறுகிய ஓட்டம்தான். சூடேறாத எஞ்சினில் கொஞ்சம் பெற்றோல் எரியாமல் சுவர் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும். யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம், சந்தை, வேலை என்று ஓடும்போது ஒரு பக்கம் ஒயில் எரிகிறது, மறுபக்கம் பெற்றோல் சேர்கிறது, டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் அசையாமல் நிற்கிறது. நீண்ட பயணத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அந்தப் பெற்றோல் ஆவியாகிப் போய்விட, உண்மையான அளவு தெரியவருகிறது. நடுக்கோட்டில் இருக்கிறது என்று நான் நம்பிப் புறப்பட்டதில் ஒரு பங்கு பெற்றோல். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தால் பெற்றோல் மணக்கும், இப்போது நான் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்க்கிறேன்.

மலைநாட்டில் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது பற்றரி நிரம்பியதும் எஞ்சின் திடீரென்று உறுமும். பெற்றோல் எரியாது, வேகத்தைப் பிடிப்பதற்காக எஞ்சினைச் சும்மா சுழற்றுகிறது. கியரை எஞ்சின் பிரேக்குக்கான ‘பி’யில் (B) போட்டாலும் அதே கதை. அப்போது சிலிண்டருக்குள் வெற்றிட இழுவை உண்டாகி, சோர்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழிருக்கும் ஒயிலை மேலே உறிஞ்சும். அதற்காகப் ‘பி’யைப் போடாமல் விடாதீர்கள், இறக்கத்தில் பிரேக் முக்கியம். இறங்கி முடிந்ததும் ஒயிலைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீதிகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. பிரியஸ், அக்வா, வெசல் என்று ஜப்பானில் ஓடிய ஹைபிரிட்டுகள் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தைத்தான் எல்லோரும் ஓட்டினோம். நெருக்கடி முற்றிய நாட்களில் ஒயில் மாற்றுவதை எத்தனையோ பேர் தள்ளிப்போட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கராஜுக்குப் போனபோது மெக்கானிக் அண்ணை சொன்ன முதல் வார்த்தை, “புகையைப் பாக்காதையும் தம்பி, குச்சியைப் பாரும்.” மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்துவைத்து, 1,000 ஓடிய பிறகு மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லிலீற்றர் பிடிக்கிறது என்று அளக்கச் சொன்னார். இந்த எண் கையில் இல்லாமல் எந்தச் செலவும் செய்ய வேண்டாம். பல கம்பனிகளின் கையேடுகள் 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரை ஏற்கத்தக்கது என்கின்றன, ஆனால் சம்பில் மொத்தமே 4 லீற்றர் அளவு பிடிக்கும் எஞ்சினுக்கு அது எனக்குப் பயமான எண். மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக்கூடாது. அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும், பிசிவி வால்வு வழியாக ஒயில் இன்னும் கூடுதலாக உள்ளே போகும்.

அந்தப் பிசிவி வால்வைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைக் காற்றுக்குழாய்க்குத் திருப்பி அனுப்பும் சின்னச் சாமான், விலையும் குறைவு. திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஒயிலையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த ஒயில் ஆவி, புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆரின் புகைக்கரியோடு சேர்ந்து, காற்று உள்ளே போகும் இன்டேக் மனிபோல்டின் உட்பக்கத்தில் தார் மாதிரி படியும். 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆர் கூலர் அடைத்து, எரிப்புச் சூடு கூடி, எஞ்சின் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கற் போகும் வரைக்கும் போவதை மெக்கானிக்மார் நன்றாக அறிவார்கள். காலையில் எழும்பும்போது எஞ்சின் கடகடவென்று குலுங்கினால் கூலன்ற் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் ரிங். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கரியைக் கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்குள் ஊற்றிப் பல மணித்தியாலம் ஊறவிடுவார்கள். ஹைபிரிட்டில் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எஞ்சினைச் சுழற்றுவது சாதாரண ஸ்டார்ட்டர் இல்லை, பலமான மின்மோட்டார். உள்ளே திரவம் மிச்சம் இருக்க அது சுழற்றினால், அமுக்க முடியாத திரவத்தில் மோதி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றொட் வளைந்துவிடும். அதனால் திரவத்தை உறிஞ்சி எடுத்து, பிளக் இல்லாமலே கிராங்க் கப்பியைக் கையால் ஸ்பானர் போட்டுச் சுற்றிப் பார்த்து, ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரிங் கரியால் ஒட்டியிருந்தால் இது கேட்கும், சுவரே தேய்ந்திருந்தால் கேட்காது.

கையேட்டில் அனுமதி இருந்தால் 5டபிள்யூ-30 க்கு மாறலாம். 100 பாகை செல்சியஸில் 20 வகை ஒயிலின் பிசுக்கு 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக்ஸ் வரை, 30 வகையினுடையது அங்கிருந்து 12.5 வரை. எரிவது கொஞ்சம் குறையும், பெற்றோல் செலவு இலேசாகக் கூடும். முன்னால் உள்ள 0, 5 என்ற எண்கள் குளிரில் எழும்புவதற்கானவை, யாழ்ப்பாண வெயிலுக்கு அவை பொருட்டே இல்லை.

என் காரில் வால்வு மாற்றி, ஊறவைத்து, ஒயிலும் மாற்றியதில் 1,300 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் என்று இருந்தது 2,800 க்கு 1 லீற்றர் ஆனது. இன்னும் எரிகிறதுதான், 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுகிறேன், டிக்கியில் எப்போதும் ஒரு லீற்றர் போத்தல் இருக்கும். இனியும் கூடினால் எஞ்சினை இறக்கி ரிங் மாற்ற வேண்டும், அல்லது பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் ஒன்று தேட வேண்டும். அப்படித் தேடினால் பிளக் துளைக்குள் கமரா விட்டுப் பிஸ்டன் தலையைப் பார்க்காமல் காசைக் கொடுக்கமாட்டேன்: ஓரம் ஈரமாகப் பளபளத்தால் அந்த எஞ்சினும் ஒயில் குடித்துக்கொண்டிருந்ததுதான்.