மேலே கம்பி இல்லையென்றால் கரண்டும் இல்லையா?

பெங்களூரு மெட்ரோவில் மறுபடியும் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கப் பார்த்திருக்கிறார். இந்த முறை கீழே விழுந்தது ஒரு இயர்பட். செக்யூரிட்டி சட்டையைப் பிடித்து இழுத்ததும் அந்தத் தம்பி கேட்டானாம்: "மேலே கம்பியே இல்லையேண்ணா, அப்புறம் ஏது கரண்ட்?"

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இப்படித் தோன்றுவது நியாயம்தான். அங்கே புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ எல்லாமே தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியில் ஓடுபவை. டெல்லி மெட்ரோவும் அப்படியே. பெங்களூரு மெட்ரோ 2011இல் தொடங்கியதிலிருந்தே வேறு வகை. இங்கே மின்சாரம் கீழேதான் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு ஓரமாக ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில், 750 வோல்ட் டிசி.

பார்த்தால் ஆபத்தாகவே தெரியாது. அதன்மேல் நீளமாக ஒரு மூடி இருக்கும், ஏதோ கேபிள் போகிற பெட்டி மாதிரி. கால் வைத்து ஏறலாமே என்று தோன்றும். ஆனால் ரயில் மின்சாரம் எடுப்பது அடிப்பக்கத்தில். அந்தப் பக்கம் திறந்தேதான் இருக்கும்.

"25,000 எங்கே, 750 எங்கே?" என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஐயா, வீட்டு பிளக்கில் இருப்பது 230தான். அதுவே ஆளைக் கொல்கிறது.

அடுத்தது, எனக்கு அதிகம் எரிச்சல் தருவது: ரயில் வராத நேரத்தில் கரண்ட் இருக்காதாம்! ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கும். கடைசி ரயில் போன பிறகு தண்டவாளத்தில் வேலைக்கு இறங்கும் நாங்களே பவர் பிளாக் வாங்கி, அதாவது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அனுமதி வாங்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த (தரையோடு இணைத்த) பிறகுதான் கை வைப்போம். சீனியர் ஜூனியர் பேதமெல்லாம் இதில் கிடையாது.

2024 ஜனவரி 1 அன்று இந்திராநகர் நிலையத்தில் ஒரு பெண் போனை எடுக்கக் கீழே இறங்கினார். ஊழியர்கள் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தார்கள், உயிர் தப்பியது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

பொருள் விழுந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தவறான பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டீர்களா? படியேறிச் சுற்றிப் போங்கள். ஆளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சத்தம் போட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள்; மின்சாரத்தை நிறுத்த பிளாட்பாரத்திலேயே அவசர சுவிட்ச் உண்டு. நிறுத்தியாயிற்று என்று அவர்கள் சொல்லும்வரை கை கொடுக்கவும் போகாதீர்கள்.

ஊரிலிருந்து பிள்ளைகளோடு சொந்தக்காரர்கள் வந்தால், மெட்ரோவில் ஏற்றுவதற்கு முன் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்.