கன்சல்டன்சி மூலம் வேலைக்குப் போகிறீர்களா?

திருப்பூர், பெருந்துறை பக்கத்துக் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கு பார்ப்பது என் தொழில். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சியைத்தான் இங்கே ஏஜென்சி என்கிறேன். "ஏஜென்சி வழியா சேரலாமுங்களா?" என்று கேட்பவர்களிடம் நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதில்லை. முன் அனுபவம் இல்லாத பையன் நேராகப் போனால் கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டுவதே கஷ்டம். ஏஜென்சி அவனைச் சீக்கிரம் உள்ளே கொண்டுபோய் விடும். டிப்ளமோ முடித்தவர்கள் பவுண்டரி, பம்ப் கம்பெனி, ஸ்பின்னிங் மில் என்று நாலு இடம் பார்த்துவிட்டு, தங்களுக்கு ஒத்துவருவதைப் பிடித்துக்கொள்ளவும் வழி உண்டு.

சிக்கல் காகிதத்தில்தான். வேலை செய்வது கம்பெனியில். சம்பளம் போடும் முதலாளி ஏஜென்சி. அதே மிஷினில் வருஷக்கணக்காக நிற்பவருக்குக்கூட, கான்ட்ராக்ட் கை மாறினால் சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து என்று சொல்லிவிடுகிறார்கள். தீபாவளி போனஸ் நேரத்தில் கம்பெனி ஏஜென்சியைக் கைகாட்டும், ஏஜென்சி கம்பெனியைக் கைகாட்டும்.

சம்பளச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (பஞ்சப்படி) சேர்த்து 15,000 ரூபாய், அதற்கு மேல் வேறு படி எதுவும் இல்லை என்றால், உங்களிடம் பிடிக்க வேண்டியது பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்தால் அது சட்டவிரோதம். 'கையில் இவ்வளவு வரும்' என்று வாயால் மட்டும் பேசும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏஜென்சி மாறும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே, அதாவது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணையே, கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் புது எண் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்கள் ஏராளம். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எண்கள் சிதறிக் கிடந்தால் அதைச் சேர்த்துக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இ.எஸ்.ஐ.யில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நடுவில் ஏஜென்சி மாறிச் சில மாதம் விட்டுப்போனால் பலருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஏஜென்சி சம்பளம் தராமல் ஓடிவிட்டால்? அதைக் கொடுக்கும் பொறுப்பு வேலை வாங்கிய கம்பெனிக்கு உண்டு. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டுமே! கேட் பாஸ், அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், பதிவுக் கட்டணம் கேட்டாலோ ஒரிஜினல் மார்க்ஷீட்டை வைத்துக்கொள்கிறோம் என்றாலோ, வேறு ஏஜென்சி பாருங்கள். ஒழுங்கான ஏஜென்சி தன் கமிஷனைக் கம்பெனியிடம்தான் வாங்கும்.