இன்டெக்ரேஷன்: ஒருங்கிணைப்பும் ஒருங்கிணைவும்

'எங்கள் மென்பொருளை உங்கள் டேலி கணக்கு மென்பொருளோடு இன்டெக்ரேட் செய்து தருகிறோம்' என்ற பேச்சைக் கேட்காமல் இன்று யாரும் தொழில் நடத்த முடியாது. இதில் வரும் இன்டெக்ரேஷன் என்ற சொல்லுக்கு, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய பொருளை வைத்துக்கொள்கிறார்கள். விற்பவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார், வாங்குபவர் வேறொன்றை நினைத்துப் பணம் கட்டுகிறார். அதனால் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

ஒரு நிறுவனத்தில் ஆர்டர், சரக்கிருப்பு, உற்பத்தி, சம்பளம், கணக்கு என்று தனித்தனியாக ஓடும் மென்பொருள்களை, ஒன்றில் பதிந்த தகவல் மற்றவற்றிலும் தானாகவே உரிய இடத்தில் போய்ச் சேரும்படி அமைப்பதே இன்டெக்ரேஷன். ஒருமுறை தட்டச்சு செய்ததை இன்னொருவர் பார்த்து மறுபடி தட்டச்சு செய்கிறார் என்றால், அந்த இடத்தில் அது நடக்கவில்லை என்று பொருள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'இன்டெகர்' என்றால் முழுமையானது, பழுதுபடாதது. 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. மற்ற பகுதி தொடுதலைக் குறிக்கும் 'டாங்கெரே' என்ற வினையோடு உறவுடையது. ஆகவே 'தொடப்படாதது' என்பதே நேர்ப்பொருள். முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்', நேர்மையைக் குறிக்கும் 'இன்டெக்ரிட்டி' இரண்டும் இதே வேரிலிருந்து வந்தவை. சிதறிக் கிடப்பதை முழுமையாக்குவது என்ற பொருளில்தான் இது தொழில்நுட்பத்துக்குள் நுழைந்தது.

தமிழில் ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. கணிதத்தில் தொகையிடல், நாட்டைப் பற்றிப் பேசும்போது ஒருமைப்பாடு, மென்பொருளுக்கு ஒருங்கிணைப்பு என்று ஏற்கெனவே வழக்கு நிலைத்துவிட்டது. 'ஒரு' என்பதன் அடியாகப் பிறந்தது 'ஒருங்கு'. பழைய சொல். 'எண்பொருள் ஏனை இரண்டும் ஒருங்கு' என்கிறது 760ஆம் குறள். நல்ல வழியில் பொருளை நிறைய ஈட்டியவர்க்கு அறமும் இன்பமும் ஒருசேர எளிதாகக் கிடைக்கும் என்பது அதன் கருத்து. யூனிகோடுக்கு நாம் சொல்லும் 'ஒருங்குறி'யிலும் இதே ஒருங்குதான். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு இருந்த காலத்தில், ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டியது இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் திறந்துகொண்டது. எல்லோரும் ஒரே குறியீட்டுக்கு வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. இணை என்ற வினை இணைவு என்றும் வரும், இணைப்பு என்றும் வரும். அழிவு, அழிப்பு போல. முன்னது தானே ஆவது, பின்னது ஒருவர் செய்வது. அப்படிப் பார்த்தால் ஒருங்கிணைப்பு என்பது பொறியாளர் செய்து கொடுக்கும் வேலை. ஒருங்கிணைவு என்பது அந்த வேலைக்குப் பிறகு நிறுவனத்தில் நிலவ வேண்டிய நிலை. நிறுவனத்துக்கு ஆதாயம் தருவது இரண்டாவதுதான். வேலை முடிந்ததாகக் கையெழுத்தாகிவிடும், ஆனால் நிலை வந்திருக்காது. இதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியை எடுத்துக்கொண்டால் இது கண்கூடாகத் தெரியும். பையரிடமிருந்து, அதாவது வாங்கும் நிறுவனத்திடமிருந்து, 12,000 பீஸுக்கு ஆர்டர் வருகிறது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதை எக்செலில் ஏற்றி, அளவு, நிறம் வாரியாகப் பிரித்து, துணிக் கணக்குப் போடுகிறார். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, சாயமேறாத கிரே துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, பிறகு துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான். நடுவில் பையர் 10,800 பீஸ் போதும் என்று மெயில் அனுப்புகிறார். மெயில் மெர்ச்சண்டைசருக்கு வந்தது; கட்டிங் மாஸ்டர் கையில் இருப்பதோ பழைய பிரிண்ட். மிச்சமான 1,200 பீஸ் கடைசியில் சர்ப்ளஸாகத் திருப்பூரின் மலிவு ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய், நூல் காசுகூடத் தேறாமல் விலைபோகும். ஆர்டர் பதிவும் உற்பத்தித் திட்டமும் ஒருங்கிணைந்திருந்தால், ஆர்டரில் எண் மாறிய அந்த நிமிடமே கட்டிங் திட்டத்திலும் மாறியிருக்கும்.

சாயப்பட்டறை பில்லும் அப்படித்தான். அனுப்பிய எடை, திரும்பி வந்த எடை, இடையில் ப்ராசஸில் குறைந்தது எவ்வளவு என்பது ஸ்டோர் பதிவேட்டில் இருக்கும். பில் போய்ச் சேருவது அக்கவுண்ட்ஸுக்கு. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் வராத துணிக்கும் பணம் போகும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாளிடம் வேலை செய்து வாங்க, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஐடிசி-04 படிவத்தில் கணக்கும் காட்ட வேண்டும். டிசி எல்லாம் ஒரே அமைப்பில் இருந்தால் அந்தப் படிவம் தானே உருவாகும். இல்லையென்றால் மூட்டை மூட்டையாகச் சீட்டைப் பிரித்து ஆள் உட்கார வேண்டும். ஒரு ஸ்டைலுக்கு, அதாவது ஓர் ஆடை வடிவத்துக்கு, உண்மையில் எவ்வளவு செலவானது என்பது, சரக்குப் போய்ப் பல வாரம் கழித்துத் தெரிந்து என்ன பயன்? அடுத்த விலைப்புள்ளி கொடுக்கும் முன்பே தெரிவதுதான் லாபம்.

ஒருங்கிணைவு வேண்டுமா என்று நிறுவனங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அரசு முந்திக்கொண்டது. 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு, பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. படிப்படியாக வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும் வந்துவிட்டது. பில் விவரம் ஜேசன் என்ற தரவு வடிவில் அரசுத் தளத்துக்குப் போகிறது. 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் அடையாள எண்ணும் க்யூஆர் குறியும் திரும்பி வருகின்றன. அதே பில் எண்ணுள்ள பில்லை மறுபடி அனுப்பினால் தளம் ஏற்காது. அங்கிருந்து விவரம் தானாகவே ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்துக்குப் போகிறது, சரக்கை அனுப்பத் தேவையான இ-வே பில்லும் எடுத்துக்கொள்ளலாம். தொடப்படாதது என்ற பழைய லத்தீன் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது: ஒருமுறை பதிந்த பில், நடுவில் யார் கையும் படாமல் வரித்தாக்கல் வரை போய்விடுகிறது.

இதற்குத் தொழில்நுட்ப வழிகள் பல. இன்றைய பொது வழி ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் நிரலாக்க இடைமுகம். டேலி வழக்கமாக 9000 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் தகவல் வாயிலில், எக்ஸ்எம்எல் வடிவத் தகவலை வாங்கிக் கொடுக்கும். அதைப் பிடித்துத்தான் பெரும்பாலான உள்ளூர் இணைப்புகள் ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே இணைத்தால், ஆறு மென்பொருளுக்கு 15 இணைப்பு தேவை, பத்துக்கு 45. ஒன்றை அப்டேட் செய்தால் எது அறுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே நடுவில் ஓர் இடைமென்பொருளை வைத்து, எல்லாம் அதனோடு மட்டும் பேசும்படி செய்கிறார்கள். இன்னொரு வழி, எல்லா வேலையையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்கும் இஆர்பி. 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி அந்த வழியில் பெயர் பெற்ற நிறுவனம்.

பெரிய மென்பொருள் வாங்கினால் ஒருங்கிணைவு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஹெர்ஷீஸின் அனுபவத்தை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் அந்தப் பெரிய சாக்லேட் நிறுவனம், 1999இல் எஸ்ஏபியோடு வேறு இரண்டு நிறுவனங்களின் மென்பொருள்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் புகுத்தியது. 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்க முயன்று, ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் பருவத்துக்கு முன்னால் தொடங்கிவிட்டது. சரக்கு இருந்தது, ஆனால் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. எனவே சிறு நிறுவனங்களுக்கு என் பரிந்துரை, விற்பனை பில்லையும் சரக்கிருப்பையும் முதலில் சேர்த்து, அது ஒரு சீசன் முழுக்கச் சரியாக ஓடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய, யாரும் விரும்பாத ஒரு வேலை உண்டு: வாடிக்கையாளர், பொருள் பெயர்களைக் கொண்ட மாஸ்டர் பட்டியலைச் சுத்தம் செய்வது. ஒரே வாடிக்கையாளர் விற்பனைப் பிரிவில் ஒரு பெயரிலும் கணக்கில் இன்னொரு பெயரிலும் இருந்தால், இணைப்பு அந்தக் குழப்பத்தை வேகமாகப் பரப்பும், அவ்வளவுதான். பையருக்கு ஒரு குறியீடு, ஒரு ஸ்டைலுக்கு ஒரு எண், துணி கிலோவிலா மீட்டரிலா என்று ஒரே முடிவு. இதைப் பொறியாளர் செய்து தர முடியாது; ஸ்டோர்காரரும் அக்கவுண்டன்டும் மெர்ச்சண்டைசரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

பிறகு மென்பொருள் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே ஒரு பதிவைத் திருத்தினால் அங்கே எத்தனை நிமிடத்தில் மாறும்? இரண்டு பக்கமும் வெவ்வேறு எண் இருந்தால் எது செல்லும்? இடையில் நெட் அறுந்து ஒரு பில் போகாமல் நின்றுவிட்டால், அது யாருடைய திரையில், எப்போது தெரியும்?